வாயில் விரல்

பள்ளிக்கூடம் இருக்கும் இடத்துக்கு யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், பிள்ளைகள் போடும் சத்தமே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஜெயசுதா அப்படித்தான் நினைத்திருந்தாள். சாயல்குடியிலிருந்து வந்த மினிபஸ் அவளை ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் இறக்கிவிட்டுப் புழுதியோடு மறைந்த பிறகு, அவள் காதில் விழுந்ததெல்லாம் பனைமட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சரசரப்பு மட்டும்தான். லீவு நாளில் வந்துவிட்டோமோ என்று போனை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். இல்லை, வேலை நாள்தான்.

கருவேலங்காட்டைத் தாண்டியதும் ஓட்டுக் கட்டிடம் தெரிந்தது. கேட் திறந்திருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே ஹால்தான். உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள், ஹால் நிறைய. நெல் நாற்று நட்ட மாதிரி வரிசை வரிசையாக, முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். இவள் நிழல் வாசலில் விழுந்தபோதும் ஒரு தலை திரும்பவில்லை.

"பார்த்தீங்களாம்மா?" என்று பக்கத்தில் வந்து நின்றார் தலைமையாசிரியர் பூமிநாதன். துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் கலையாத திருநீறு, குழைவான குரல். "ஒரு சத்தம் கேட்டுச்சா? சண்டை கிடையாது, கோள்மூட்டுறது கிடையாது, எதுத்துப் பேசுறது கிடையாது. மாவட்டத்துலயே இப்பிடி ஒரு பள்ளிக்கூடத்தக் காட்டுங்க பார்ப்போம்."

சுவரில் நீலப் பெயின்டில் பெரிது பெரிதாக எழுதியிருந்தது. கீழ்ப்படிதல். பொறுமை. அமைதி. இந்த வருஷம் நன்னெறிக்கான பரிசு ஒன்று தரப்போகிறார்களாம், அதற்கு இந்தப் பள்ளியைத்தான் கைகாட்டியிருக்கிறார்களாம். சார் சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. நிஜமான கண்ணீர்தான். அதுதான் ஜெயசுதாவுக்குப் பிடிக்கவில்லை.

அவள் அய்யா கடலாடிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர். வீட்டில் முதல்முதலாகக் காலேஜ் படியை மிதித்தவள் அவள். படியேறிப் போய் என்ன செய்தாள்? மூன்று வருஷமும் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. ஒரே ஒருநாள், இயற்பியல் வகுப்பில், புரியாததைக் கேட்டுவிடலாம் என்று கையைத் தூக்கினாள். தூக்கிய கை பாதி வழியில் வளைந்து, விரல் தானாக வந்து உதட்டில் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் வகுப்பில் பழக்கியது. பக்கத்து பெஞ்சில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் ஆறவில்லை. நம்மிடம் படிக்கிற பிள்ளை "ஏன்?" என்று கேட்க வேண்டும், கேட்டே தீர வேண்டும் என்று ஒரு வெறியோடுதான் இந்தத் தற்காலிக வேலைக்கு வந்திருந்தாள்.

ஹாலின் முன்பக்கம் ஒரு மேசை. அதன் பின்னால் ஒயர் பின்னிய பழைய மர நாற்காலி. மேசைமேல் ஓரத்தில் ஒரு மர ஸ்கேல். பையை வைத்துவிட்டு ஜெயசுதா நாற்காலியை இழுக்கப் போனாள்.

அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"அது வேணாம்மா," என்று சார் அவசரமாக ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கி வந்தார். "இதுல உக்காருங்க. அது வெள்ளையம்மா டீச்சரோடது. ரெண்டு வருஷத்துக்கு முன்ன தவறிட்டாக. பிள்ளைகளுக்கு அவுக மேல ஒரு மரியாதை."

மரியாதை என்றால் என்ன என்று அன்று மத்தியானம் தெரிந்தது.

காலையில் பிள்ளைகள் பாடம் படித்தார்கள், எழுதினார்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள். சத்துணவு சாப்பிடும்போது லேசாகச் சிரிப்புக்கூடக் கேட்டது. சாப்பிட்டுக் கை கழுவி உள்ளே வந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. பெல் அடிக்கவில்லை. வந்தவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து, வலதுகை ஆள்காட்டி விரலை எடுத்து உதட்டின்மேல் குறுக்கே வைத்துக்கொண்டார்கள். பார்வை எல்லாம் காலி நாற்காலியின் மேல்.

"சரி, கணக்கு நோட்டை எடுங்க," என்றாள் ஜெயசுதா.

ஒரு கை நோட்டை எடுத்தது. மற்ற கை அசையவில்லை.

"விரலை எடுங்கடா."

எடுக்கவில்லை. முன்வரிசையில் ஒன்றாம் வகுப்பு அஃப்ரித், பால்பல் விழுந்த பயல், தும்மினான். தும்மும்போதும் விரல் அங்கேயே இருந்தது. மூக்கு ஒழுகி விரல்மேல் வழிந்தது. துடைக்கவில்லை. இந்த வருஷம் சேர்ந்தவன் அவன். வெள்ளையம்மா டீச்சரைப் பார்த்ததேயில்லை.

வெயில் ஓட்டின் சந்து வழியே இறங்கித் தரையில் கட்டம் கட்டமாக நகர்ந்தது. நாலு மணி பெல் அடிக்கும் வரைக்கும் அப்படியே இருந்தார்கள். பெல் அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கேட்டைத் தாண்டிய மறுநொடி ஒரே கத்தல், அடிதடி, வசவு. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பிள்ளைகள். இந்தப் பக்கம் வேறு யாரோ.

"அதுக்கு என்ன இப்ப?" என்றார் பூமிநாதன். "அதுகளாப் பழகிக்கிருச்சுக. நல்ல பழக்கம்தானம்மா? போக, பின்னாடி பனையில பாருங்க."

கட்டிடத்துக்குப் பின்னால் நின்ற பனையின் கழுத்தில் பானை தொங்குகிற மாதிரி ஒரு கூடு. கடந்தைக் கூடு. குளவியைவிடப் பெரிய வண்டு, ஆளைச் சாய்க்கிற விஷம்.

"இதையா விட்டு வச்சிருக்கீங்க? தீயணைப்புக்குப் போன் பண்ணினா வந்து எரிச்சிட்டுப் போவாங்களே சார்?"

"எதுக்கும்மா? நாம அமைதியா இருந்தா அதுவும் அமைதியா இருக்கும். பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்லுறது."

கூட்டையே பாடமாக்கி வைத்திருந்தார் மனுஷன்.

காலையில் நாற்காலியைத் துடைப்பது பூமயிலின் வேலை. ஐந்தாம் வகுப்பு. எண்ணெய் வழிய வாரி, ரெட்டைப் பின்னல் மடித்துக் கட்டிய ஒல்லிப் பெண். ஈரத்துணியால் கைப்பிடி, முதுகு, கால் நாலும் துடைத்து, ஸ்கேலை மேசை விளிம்புக்கு நேராக வைத்துவிட்டுப் போய் உட்காருவாள். அவள் குரலை ஜெயசுதா கேட்கவேயில்லை. மற்றவர்கள் மத்தியானம்தான் வாயை மூடுவார்கள். பூமயில் காலையிலும் பேசுவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள். கேட்டதற்கு விடையை சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். எல்லாம் சரியாக இருக்கும்.

அரைப்பரீட்சைக்கு முந்தி ஒருநாள் பூமயிலின் அம்மா உப்பளத்துக்குப் போகிற வழியில் கேட்டருகே நின்றாள். கால் பாதம் இரண்டும் உப்புத் தின்று வெள்ளை பூத்திருந்தது.

"டீச்சரம்மா, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. பள்ளியோடத்துல பேசாட்டிப் போகுது, வீட்டுலயும் வாயத் தொறக்க மாட்டேங்குறா. ரெண்டு வருசமாச்சு. ஏர்வாடி தர்காவுல கொண்டுபோயித் தங்க வச்சுப் பார்த்தோம், கயிறு கட்டுனோம். சாயல்குடி டாக்டரு தொண்டையில ஒண்ணும் இல்லங்கிறாரு."

"பேச வச்சிரலாம்மா. டைம் குடுங்க."

"எம்புட்டு டயம்? ஆறாப்புக்குப் பெரிய பள்ளியோடத்துக்கு அனுப்பணும். ஊமைன்னு நெனச்சு யாராச்சும் எதாச்சும் பண்ணிட்டா அது வந்து சொல்லுமா? பொங்கல் வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல என்கூட அளத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அங்கன பேசுற வேலை எதுவும் இல்ல."

அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே பூமயில் பக்கத்தில் நின்று, தன்னைப் பற்றி இல்லை, யாரோ வேறு ஒருத்தியைப் பற்றி என்கிற மாதிரி பனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஜெயசுதா என்னென்னவோ செய்து பார்த்தாள். மத்தியானத்தில் நடித்துக் காட்டினாள். கழுதை மாதிரிக் கத்தினாள். பிள்ளைகளின் கண்கள் சிரித்தன, வயிறு குலுங்கியது, விரல் மட்டும் இறங்கவில்லை. ஒருநாள் கத்திக் கத்திக் களைத்துச் சுவரில் சாய்ந்து நின்றபோது, அந்தச் சத்தமில்லாத ஹாலில், மேசையின் பக்கமிருந்து வந்தது.

டொக். டொக்.

மர ஸ்கேலால் மேசையைத் தட்டுகிற சத்தம். ஜெயசுதா திரும்பினாள். ஸ்கேல் விளிம்புக்கு நேராகக் கிடந்தது. மேசையருகில் யாரும் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்கள். பல்லியாக இருக்கும், ஓடு வெயிலில் விரிகிற சத்தமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் முதுகும் நிமிர்ந்திருப்பது தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னது ஜோதிகா. நாலாம் வகுப்பு, கேட்டுக்கு வெளியே வந்துவிட்டால் வாய் ஓயாத பிள்ளை. விலக்கு வரைக்கும் ஜெயசுதாவின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கூட வரும். நொறுக்குத்தீனி பாதி அதற்கு.

"ஏ புள்ள, மத்தியானம் ஏன் எல்லாரும் விரலை வாயில வைக்கிறீங்க?"

"வெள்ளையம்மா டீச்சர் வைக்கச் சொன்னாக."

"எப்பச் சொன்னாங்க?"

"நான் ரெண்டாப்புப் படிக்கையில." ஜோதிகா முறுக்கைக் கடித்தபடி, ஸ்போர்ட்ஸ் டேயில் பரிசு வாங்கியதைச் சொல்வது மாதிரிச் சொன்னாள். "அன்னைக்கு சாரு கடலாடிக்கு மீட்டிங் போயிட்டாரு. சோறு சாப்பிட்டு வந்து நாங்க கத்திக்கிட்டே இருந்தோம். டீச்சருக்குத் தலைவலி. டொக் டொக்குன்னு ஸ்கேலுல தட்டுனாக. 'எல்லாரும் வாயில விரல் வைங்க, நான் சொல்லுற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது, எடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாது'ன்னாக. பூமயில் அக்காவப் பார்த்துக்கிறச் சொன்னாக. அந்தக்காதான் அன்னைக்கு லீடரு. அப்பிடியே மேசையில தலைய வச்சுப் படுத்துட்டாக."

ஜெயசுதா நின்றுவிட்டாள்.

"கொஞ்ச நேரங்கழிச்சு டீச்சரு கை கீழ தொங்கிருச்சு. வாயில நுரை மாதிரி வந்துச்சு. கர்ருகர்ருன்னு கொறட்டை விட்டாக. எங்க யாருக்குமே சிரிப்பு வரல டீச்சர். அப்புறம் கொறட்டையும் நின்னுருச்சு. மூஞ்சியில ஈ மொய்ச்சுச்சு. பூமயில் அக்கா எந்திரிக்கப் போச்சு. எந்திரிக்கக் கூடாதுல்ல? நாங்கதான் பாவாடையப் பிடிச்சு உக்கார வச்சோம்."

"யாருமே ஓடிப்போய்ச் சொல்லலையா?"

"யாருமே பேசல!" என்றாள் ஜோதிகா பெருமையாக. "சோறாக்குற மீனம்மாக்கா சட்டி கழுவ வந்து சன்னல்ல எட்டிப் பார்த்துச்சு. நாங்க வாயில விரல் வச்சிருந்தமா, அதுவும் வாயில விரல வச்சுக்கிட்டுச் சத்தமில்லாமப் போயிருச்சு. நாலு மணிக்கு சாரு வந்துதான் பார்த்தாரு. எங்களைப் பார்த்து, 'இம்புட்டு நேரமா ஒரு சத்தமில்லாம இருந்தீகளா, தங்கங்களா'ன்னு அழுதாரு. மறுநா எல்லாருக்கும் மிட்டாய்."

மினிபஸ் வந்து நின்றது. ஜெயசுதாவுக்குப் படியில் கால் வைக்கத் தெரியவில்லை. கண்டக்டர் "ஏறுங்கம்மா, ஏறுங்க" என்று கத்திய பிறகுதான் ஏறினாள். ஜன்னல் வழியே பார்த்தபோது ஜோதிகா கையசைத்துக்கொண்டிருந்தது, வாயில் முறுக்கோடு.

மறுநாள் காலை அசெம்பிளிக்கு முன்பே ஜெயசுதா அலுவலக அறைக்குள் போய்விட்டாள்.

"அந்தம்மா செத்துக்கிட்டு இருக்கிறதைப் பிள்ளைக உக்காந்து பார்த்திருக்கு சார். மத்தியானம் பூரா. நீங்க மிட்டாய் குடுத்திருக்கீங்க."

பூமிநாதன் முகம் கறுத்தது. பிறகு மெல்லத் தெளிந்தது. "யாரைக் குத்தம் சொல்லச் சொல்லுறீங்க? சின்னப் பிள்ளைக. சொன்னதைக் கேட்டுச்சுக. தப்புப் பண்ணிட்டோம்னு அதுககிட்டச் சொல்லச் சொல்லுறீங்களா? காலம் பூரா அதைச் சுமக்கணுமா? நல்லதுதான் செஞ்சீங்கன்னு சொன்னேன். அதுகளும் நம்புச்சுக. நிம்மதியா இருக்குதுக."

"நிம்மதியா? ஒரு பொண்ணு ஊமையாகிப்போச்சு சார்!"

"அது சொபாவம். மெதுவாப் பேசுங்கம்மா, பிள்ளைக காதுல விழுகும். வெள்ளிக்கிழமை பரிசு விஷயமா ஆபீசருக வாராக. ஒங்களுக்கும் நல்ல பேரு. நீட்டிச்சுக் குடுக்கச் சொல்லி நானே எழுதுவேன். கிண்டிக்கிட்டு இருக்காதீக."

அவர் பொல்லாதவர் இல்லை. அவர் நிஜமாகவே அப்படி நம்பினார். பொல்லாதவராக இருந்திருந்தால் ஜெயசுதா சுலபமாகச் சண்டை போட்டிருப்பாள்.

அவள் நேரே ஹாலுக்குப் போனாள். "எல்லாரும் கேளுங்க. வெள்ளையம்மா டீச்சர் இறந்துட்டாங்க. அவங்க இனிமே வந்து சொல்ல மாட்டாங்க. அவங்களுக்குப் பதிலா நான் சொல்றேன். இனி மத்தியானம் யாரும் வாயில விரல் வைக்க வேண்டாம். புரிஞ்சதா?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜோதிகாதான் எழுந்தாள். "நீங்க சொல்லி நாங்க வைக்கலையே டீச்சர்," என்றாள் மரியாதையாக. "சொன்னவுகதான எடுக்கச் சொல்லணும்?"

கடைசி வரிசையில் பூமயில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்களில் ஒரு கேள்வி இருந்தது. கிணற்றுக்குள் விழுந்த வாளி மாதிரி ஆழத்தில் கிடந்தது. கயிறு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை காற்று வேறு பக்கமிருந்து அடித்தது. ஆபீசர்களை அழைத்துவர சார் பைக்கை எடுத்துக்கொண்டு விலக்குக்குப் போய்விட்டார். தோரணம் கட்டக் குருத்தோலை வேண்டுமென்று அவர் சொல்லி வைத்திருந்த பனையேறி, கூடு இருந்த மரத்துக்குப் பக்கத்து மரத்தில் ஏறினான். வெட்டிய மட்டை சாய்ந்து கூட்டின் ஓரத்தில் இடித்துக்கொண்டு விழுந்தது. அவன் "ஓடுங்க"வென்று அலறிக்கொண்டே சறுக்கி இறங்கிக் காட்டுக்குள் ஓடினான்.

வெளியே வரிசையில் நின்றிருந்த பிள்ளைகளை ஜெயசுதா உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கடந்தைகள் கூட்டைச் சுற்றிக் கறுப்புப் புகையாகச் சுழன்றன. சின்னதுகள் ஜன்னலுக்கு ஓடின. அஃப்ரித் சிலேட்டை வீசினான். யாரோ வீலென்று கத்தினார்கள். ஒருத்தி கதவைத் திறக்கப் போனாள்.

"ஏய்! எல்லாரும் உக்காருங்க!" ஜெயசுதாவின் வாயிலிருந்து அது வந்தது. அவள் மூன்றாம் வகுப்பில் கேட்ட அதே குரல், அதே ராகம். மேசைமேல் கிடந்த ஸ்கேலை எப்போது எடுத்தாளோ, தட்டினாள். டொக். டொக். "வாயில விரல் வைங்க! நான் சொல்லுற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது! எடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாது!"

ஹால் அடங்கியது. கணத்தில் அடங்கியது. அத்தனை விரல்களும் உதட்டுக்குப் போயின. அடங்கிய பிறகுதான் அவளுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது.

பிறகு சொல்லிக்கொள்ளலாம், முதலில் ஜன்னல். ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வந்தாள். கடைசி ஜன்னலின் கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்தது. அதை இழுத்து மாட்டும்போது கழுத்தில் நெருப்புத் துண்டை வைத்து அழுத்திய மாதிரி இருந்தது. இன்னொன்று காதுக்குப் பின்னால். கையால் அடித்துத் தள்ளிவிட்டுக் கொக்கியை மாட்டினாள்.

ஒன்றும் இல்லை என்று நினைத்தாள். நாலு எட்டு வைத்தாள். உள்ளங்கை அரித்தது, உதடு தடித்தது. நாக்கு வாயைவிடப் பெரிதானது. மூச்சு விசில் மாதிரி வந்தது. மீனம்மாளைக் கூப்பிடச் சொல்ல வேண்டும், மீனம்மாள் சமையல்கட்டில்தான் இருக்கிறாள், இங்கிருந்து கூப்பிடு தூரம். ஜெயசுதா வாயைத் திறந்தாள். காற்று வந்தது. குரல் வரவில்லை.

தரை வந்து கன்னத்தில் மோதியது.

கிடந்த இடத்திலிருந்து அவளுக்குப் பிள்ளைகளின் முழங்கால்கள் தெரிந்தன. அதற்கு மேல் முகங்கள். ஒவ்வொரு முகத்திலும் ஒரு விரல். யாரும் அழவில்லை. யாரும் பயப்படவில்லை. கவனமாக, பரிவோடு, ஒரு பரீட்சையை இரண்டாவது தடவை எழுதுகிறவர்களின் நிதானத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஃப்ரித்தின் கண்ணில் மட்டும் தண்ணீர் முட்டி நின்றது. ஜோதிகா கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், எழுந்துவிடாமல் இருக்க.

விரலை எடுங்கடா. ஜெயசுதா சொன்னாள். மனசுக்குள்தான் கேட்டது. விரலை எடுங்க, என் தங்கங்களா, நான்தானே வைக்கச் சொன்னேன், நானே சொல்கிறேன். கையைத் தூக்கிச் சைகை காட்டப் பார்த்தாள். தூக்கிய கை பாதியில் வளைந்து முகத்தின் மேலேயே விழுந்தது. விரல் உதட்டில் பட்டது. பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வெளியே கடந்தைகளின் ரீங்காரம் சுவரை அறுத்தது. ஹாலுக்குள் அவள் மூச்சின் விசில். அது மெலிந்துகொண்டே போனது.

டொக். டொக்.

ஜெயசுதா கண்ணைத் திருப்பினாள். ஸ்கேல் மேசையில் இல்லை. அவள் விழும்போது அவள் கையோடு கீழே விழுந்து, முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. மேசைமேல் எதுவும் இல்லை. ஆனாலும் சத்தம் மேசையிலிருந்துதான் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் நாற்காலியைப் பார்த்தார்கள்.

கடைசி வரிசையில் பூமயில் எழுந்தாள்.

இரண்டு பேர் அவள் பாவாடையைப் பிடித்தார்கள். அவள் பிடித்த கையைத் தட்டிவிடவில்லை, நடந்தாள், தையல் பிரிந்து துணி அவர்கள் கையோடு போனது. வரிசைகளுக்கு நடுவே வந்தாள். விரல் உதட்டில்தான் இருந்தது. ஜெயசுதாவைக் குனிந்து பார்க்கக்கூட இல்லை, தாண்டிப் போனாள். மேசையைச் சுற்றிப் போய், தினமும் துடைக்கிற அந்த நாற்காலியின் முன்னால் நின்றாள். யாரிடமோ உத்தரவு கேட்கிற மாதிரி ஒரு நொடி நின்றாள். பிறகு யாரோ நகர்ந்து இடம் விட்ட மாதிரி, ஓரமாக ஒட்டி உட்கார்ந்தாள்.

ஒயர் பின்னல் கிறீச்சிட்டது. ஒல்லிப் பெண் ஒருத்தி உட்கார்ந்ததற்கு அந்தச் சத்தம் அதிகம்.

பூமயில் விரலை எடுத்தாள்.

"போதும். எல்லாரும் விரலை எடுங்க," என்றது குரல். கனத்த, கரகரத்த, தலைவலியில் அலுத்துப்போன பெரிய பொம்பளைக் குரல். "எந்திரிச்சு ஓடுங்க. கத்துங்க."

கத்தினார்கள். அம்மாடி, என்ன கத்து! பிள்ளைகள் போடுகிற சத்தம் இல்லை அது, இரண்டு வருஷத்து மத்தியானங்கள் எல்லாம் ஒன்றாக உடைத்துக்கொண்டு வந்த சத்தம். கதவு அறைந்து திறந்தது. "மீனம்மாக்கா! டீச்சரு சாகப்போறாக! டீச்சரு சாகப்போறாக!" ஜோதிகாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே, நெஞ்சு வெடிக்க. எந்த டீச்சரைச் சொல்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?

கடந்தைகள் பின்பக்கமே சுற்றிக்கொண்டிருந்ததால் முன்வாசலில் யாரையும் கொட்டவில்லையாம். அந்த நேரம்தான் ஆபீசர்களின் ஜீப் கேட்டுக்குள் நுழைந்ததாம். தலைவிரி கோலமாக ஓடிவந்த பிள்ளைகள் ஜீப்பின் பானெட்டில் மடேர் மடேரென்று அடித்தார்களாம். அதே ஜீப்பில்தான் ஜெயசுதாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். மீனம்மாள் மடியில் அவள் தலை. சாயல்குடியில் ஊசி போட்டு, அங்கிருந்து கடலாடிக்கு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தொண்டை முழுதாக அடைத்திருக்கும் என்றார் டாக்டர். "நல்லவேளை, பிள்ளைக சத்தம் போட்டுச்சுகளாமே. புத்திசாலிப் பிள்ளைக."

பூமிநாதன் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பரிசு போய்விட்டது. அதைப் பற்றிப் பேசவில்லை.

"அந்தப் பிள்ளை அன்னைல இருந்து அந்த நாக்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேங்குதும்மா," என்றார். "காலையில வந்து உக்காருது. பெல் அடிச்சா வீட்டுக்குப் போகுது. மறுபடி வந்து அங்கன உக்காருது. பேசவும் இல்ல. ஒரே ஒரு நா பேசுனதோட சரி. நான் சொல்லிப் பார்த்தேன். பயமா இருக்கு. பிள்ளைக சொல்லுறதப் பார்த்தா, அன்னைக்குப் பேசுன குரலு..." நிறுத்தினார். "நீங்க வெள்ளையம்மா பேசிக் கேட்டதில்லைல்ல?"

"இல்லை சார்." ஜெயசுதாவின் குரல் தேங்காய் நாரை உரசினாற்போல வந்தது.

"அதான்," என்றார். ஆரஞ்சை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கூட்டை எரித்துவிட்டார்கள். பனையின் கழுத்தில் கரித்தடம் மட்டும் இருந்தது. அவள் திரும்பி வந்த காலையில் விலக்கில் இறங்கியபோதே பள்ளிக்கூடம் காதில் விழுந்தது. சந்தைக்கடைச் சத்தம். ஜெயசுதா நடையை எட்டிப் போட்டாள். ஹால் வாசலில் கால் வைத்ததும் சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. யாரோ கிசுகிசுத்தார்கள், யாரோ சிரித்தார்கள். அஃப்ரித் ஓடிவந்து அவள் கழுத்தில் இருந்த தழும்பைத் தொட்டுப் பார்த்தான்.

முன்னால் நாற்காலியில் பூமயில் இருந்தாள். ஒட்டி, ஓரமாக. பக்கத்தில் இன்னொருத்தி உட்கார இடம் இருந்தது.

பூமயிலின் அம்மா ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பது தெரிந்தது. பொங்கல் கழிந்துவிட்டது. உப்பளத்துக் கூடை இடுப்பில் இருந்தது. ஒன்று இல்லை, இரண்டு கூடை.

ஜெயசுதா மேசைக்கு முன்னால் போய் நின்றாள். ஹால் மெல்ல மெல்ல ஊமையானது.

"பூமயிலு. எந்திரிச்சு வா."

பூமயில் அசையவில்லை. கண்கள் ஜெயசுதாவின் மேல் நிலைத்திருந்தன. கிணற்றுக்குள் ஆழத்தில் கிடந்த வாளி அசைகிற மாதிரி தொண்டையில் ஏதோ அசைந்தது. அவள் உதடு பிரிந்தது. கனத்த குரல் வரப்போகிறது என்றுதான் ஜெயசுதா நினைத்தாள்.

"ஏன்?"

மெல்லிசான, துருப்பிடித்த, பத்து வயதுப் பெண்ணின் குரல். ஜன்னலுக்கு வெளியே கூடை கீழே விழும் சத்தம் கேட்டது.

அத்தனை பிள்ளைகளும் இப்போது ஜெயசுதாவைப் பார்த்தார்கள். ஏன் எழுந்திருக்க வேண்டும்? ஏன் உட்கார வேண்டும்? அன்றைக்கு ஏன் உட்கார்ந்தே இருந்தோம்? ஒரு சொல்லுக்குள் அத்தனையும் இருந்தது. இந்தச் சொல்லுக்காகத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

வலதுகை தானாக எழுந்தது. ஆள்காட்டி விரல் நீண்டது. முகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. மேசையின் பக்கம் மிக மெல்லிதாக, டொக், என்றது.

ஜெயசுதா தன் விரலை இடது கையால் இறுக்கிப் பிடித்துக் கீழே இழுத்தாள். பிடித்தபடியே, பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியல பூமயிலு," என்றாள் நார் உரசும் குரலில். "நீ சொல்லு. நான் கேக்குறேன்."

விரலை அவள் விடவில்லை. அது கைக்குள் துடித்துக்கொண்டே இருந்தது.